டென்மார்க்: வாக்குரிமை வந்தது 1849-இல், வாக்குக்கு மதிப்பு வந்தது 1901-இல்

2022 நவம்பர் 1-ஆம் தேதி டென்மார்க்கில் பொதுத்தேர்தல் நடந்தது. பிரதமர் மெட்ட ஃபிரெடெரிக்சனின் சமூக ஜனநாயகக் கட்சி 179 இடங்களில் 50-ஐப் பிடித்து முதலிடத்துக்கு வந்தது. அவருக்கு ஆதரவான இடதுசாரி அணிக்கு மொத்தம் 90 இடம், அதாவது சரியாகப் பெரும்பான்மை. மறுநாளே அவர் ராஜினாமா செய்தார். ஆறு வாரம் பேச்சுவார்த்தை இழுத்தது. டிசம்பர் நடுவில் பதவியேற்ற அரசுக்கும் அவரேதான் பிரதமர். கூட்டாளிகள்தான் வேறு: எதிரணியில் இருந்த வலதுசாரி வென்ஸ்ட்ர கட்சியும், அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்ட மிதவாதிகள் கட்சியும். மூன்றுக்கும் சேர்த்து 89 இடம்.

கையில் இருந்த 90-ஐ விட்டுவிட்டு 89-ஐ ஏன் எடுத்தார் என்று பலர் குழம்பினார்கள். கட்சிகளைக் கடந்த அரசு அமைப்பேன் என்று தேர்தலுக்கு முன்பே அவர் சொல்லியிருந்தார் என்பது ஒரு விடை. ஆனால் 89 பேரை வைத்துக்கொண்டு எப்படி அரசு நடத்த முடியும் என்பதற்கு அந்த விடை போதாது. அதற்கு டேனிஷ் ஜனநாயகம் எந்தெந்தச் சண்டைகளைக் கடந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் மூன்று கேள்விகள்

ஒரு நாட்டில் ஜனநாயகம் எப்போது வந்தது என்று கேட்டால், மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கேட்கிறோம்.

1. யாருக்கு வாக்கு உண்டு?
2. அந்த வாக்கால் அரசை மாற்ற முடியுமா?
3. வென்றவரைக் கட்டுப்படுத்த என்ன இருக்கிறது?

டென்மார்க்கில் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு காலத்தில் விடை வந்தது. முதல் கேள்வி மட்டும் இப்போதும் முழுமையாகத் தீரவில்லை. அரசமைப்புச் சட்டம் கையெழுத்தான 1849 ஜூன் 5-ஐத்தான் டேனிஷ்காரர்கள் கொண்டாடுகிறார்கள். என் கணக்கில் 1901 அதைவிடப் பெரிய ஆண்டு. ஏன் என்பது கீழே.

1849-க்கு முன்: மன்னரின் முழு அதிகாரம்

1660-இல் டென்மார்க் பரம்பரை முடியாட்சியாகவும், மன்னருக்குக் கட்டுப்பாடே இல்லாத முடியாட்சியாகவும் மாறியது. 1665-இல் அதற்கென ஒரு அரச சட்டமே எழுதப்பட்டது. மன்னருக்கு மேல் கடவுள் மட்டும்தான் என்பது அதன் சாரம். ஐரோப்பாவில் பல மன்னர்கள் இப்படி ஆண்டார்கள் என்றாலும், அதை இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சட்டமாக எழுதி வைத்த நாடு அரிது.

1834-இல் ஒரு சிறு கதவு திறந்தது. ரொஸ்கில்ட, வீபோர், ஷ்லெஸ்விக், இட்செஹோ ஆகிய நான்கு ஊர்களில் ஆலோசனை அவைகள் அமைந்தன. சொத்துள்ளவர்களுக்கு மட்டும் வாக்கு. மக்கள்தொகையில் சுமார் 3 விழுக்காட்டினர்தான் அதில் சேர்ந்தார்கள். அவைகள் ஆலோசனை சொல்லலாம், கேட்பதும் கேட்காததும் மன்னர் விருப்பம்.

இந்த முழு முடியாட்சிக் காலத்தில் ஒரு தமிழ் ஊரும் அடக்கம். 1620 முதல் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்தது. 1845-இல் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். இன்னும் நான்கு ஆண்டு வைத்திருந்தாலும் தரங்கம்பாடிக்காரருக்கு ஓட்டு கிடைத்திருக்காது. 1917-இல் அமெரிக்காவுக்கு விற்கப்படும் வரை டென்மார்க் வசம் இருந்த கரீபியத் தீவுகளின் மக்களுக்கும் கோப்பன்ஹேகன் நாடாளுமன்றத்தில் இடம் தரப்படவில்லை.

1848 ஜனவரியில் எட்டாம் கிறிஸ்டியன் இறந்தார். ஏழாம் ஃபிரெடெரிக் பட்டத்துக்கு வந்தார். மார்ச் 21 அன்று கோப்பன்ஹேகன் மக்கள் ஊர்வலமாக அரண்மனைக்குப் போய், அமைச்சர்களை நீக்கு, அரசமைப்புச் சட்டம் கொடு என்று கேட்கப் புறப்பட்டார்கள். போய்ச் சேர்ந்தால், பழைய அமைச்சர்களை மன்னர் ஏற்கெனவே நீக்கியிருந்தார். பாரிஸிலும் பெர்லினிலும் தெருவில் ரத்தம் ஓடிய அதே ஆண்டில், இங்கே கூட்டம் வாழ்த்தொலி எழுப்பிவிட்டு வீடு திரும்பியது.

1849: தாராளம், ஆனால் யாருக்கு?

சட்டத்தை எழுத ஒரு பேரவை கூடியது. அதில் கால்வாசிப் பேர் மன்னர் நியமித்தவர்கள். முதல் வரைவை எழுதியவர் மொன்ராட் என்பவர். பிறந்த நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள்: ஃபோல்கெட்டிங் என்ற கீழவை, லான்ஸ்டிங் என்ற மேலவை. கீழவைக்கு வாக்களிக்கச் சொத்துத் தகுதி கிடையாது. அன்றைய ஐரோப்பாவில் இது பெரிய தாராளம். 30 வயதைக் கடந்த ஆண்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு வாக்கு கிடைத்தது.

மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அது சுமார் 15 விழுக்காடு. வெளியே நின்றவர்களை டேனிஷ் பள்ளிகளில் ஏழு வகையாகப் பட்டியலிட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள்: பெண்கள், வேலைக்காரர்கள், ஏழைகள், அயல்நாட்டார், திவாலானவர்கள், மனநலம் குன்றியவர்கள், குற்றவாளிகள்.

இதில் வேலைக்காரர், ஏழை என்ற இரண்டையும் விளக்க வேண்டும். பிறர் வீட்டில் தங்கிச் சம்பளத்துக்கு உழைப்பவருக்கு, அதாவது பண்ணையாளுக்கும் வீட்டுச் சேவகருக்கும், தனக்கென ஒரு குடும்ப வீடு இல்லாவிட்டால் வாக்கு இல்லை. எசமான் சொல்லும் இடத்தில்தான் அவன் கை தூக்குவான் என்பது வாதம். ஏழை என்றால் வருமானம் குறைந்தவர் என்று பொருள் இல்லை. ஊராட்சியிடம் வறியோர் உதவி வாங்கி, அதைத் திருப்பிச் செலுத்தாதவர். நோயில் படுத்து ஒரு குளிர்காலம் உதவி வாங்கிய கூலிக்காரர் அந்தக் கடன் தீரும்வரை, அல்லது தள்ளுபடி ஆகும்வரை, வாக்காளர் இல்லை. இந்தத் தண்டனை பல கட்டங்களாகத் தளர்த்தப்பட்டு, முற்றாக ஒழிந்தது 1961-இல்தான். பெண்களுக்கு வாக்கு வந்து 46 ஆண்டு கழித்து!

1866 முதல் 1901 வரை: வாக்கு இருந்தும் பயனில்லாத காலம்

வாக்குரிமை எப்போதும் விரிந்துகொண்டே போகும் என்ற எண்ணத்துக்கு டென்மார்க் நல்ல மறுப்பு. 1864-இல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் பகுதிகளை நாடு இழந்தது. அந்தத் தோல்விக்குச் சாதாரண வாக்காளரும் அவர்கள் அனுப்பிய தாராளவாதிகளும்தான் காரணம் என்று பெருநிலக்கிழார்கள் பழி போட்டார்கள். 1866-இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. கீழவை அப்படியே இருந்தது. மேலவையின் 66 உறுப்பினர்களில் 12 பேரை மன்னர் நியமிப்பார், மற்றவர்களைத் தேர்ந்தெடுப்பதில் அதிக வரி கட்டுவோருக்குக் கூடுதல் பலம். இப்படி மேலவை பணக்காரர் கோட்டையானது.

கீழவையில் விவசாயிகளின் வென்ஸ்ட்ர கட்சி பெரும்பான்மை. மேலவையில் நிலக்கிழார்களின் ஹோய்ர கட்சி பெரும்பான்மை. இரண்டும் முட்டிக்கொண்டால் யார் சொல் எடுபடும்? சட்டப் புத்தகத்தில் விடை இல்லை. மன்னர் தமக்குப் பிடித்தவரை அமைச்சராக்கலாம் என்று மட்டும் இருந்தது.

1875 முதல் 1894 வரை பிரதமராக இருந்தவர் எஸ்ட்ரூப் என்ற நிலக்கிழார். கீழவை அவருடைய பட்ஜெட்டை நிராகரித்தது. அவர் கண்டுபிடித்த வழி, நாடாளுமன்றம் கூடியிராத நேரத்தில் மன்னர் அவசரச் சட்டம் போடலாம் என்ற பிரிவு. அவையை அனுப்பிவிட வேண்டியது, அவசரச் சட்டமாக பட்ஜெட்டைப் போட வேண்டியது. 1877-இல் ஒருமுறை செய்துபார்த்தார். 1885 முதல் 1894 வரை இதுவே வழக்கமானது. அந்தப் பணத்தில் கோப்பன்ஹேகனைச் சுற்றிக் கோட்டைகள் எழுந்தன. எதிர்ப்பை அடக்க ஆயுதக் காவல் படை ஒன்றும் வந்தது. 1885 அக்டோபரில் ஒரு இளைஞர் எஸ்ட்ரூப்பைச் சுட்டார். தோட்டா கோட்டுப் பொத்தானில் பட்டுத் திரும்பியதால் பிழைத்தார். அதையே காரணமாக்கிப் பிடியை மேலும் இறுக்கினார்.

வாக்களிப்பு நடந்த விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். தொகுதி வாக்காளர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். வேட்பாளர்கள் மேடையில் நிற்பார்கள். பெயர் சொன்னதும் ஆதரவாளர்கள் கை தூக்க வேண்டும். முடிவை யாராவது ஏற்காவிட்டால், ஒவ்வொருவராக முன்னால் வந்து தம் ஓட்டு யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல, பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். குத்தகை நிலத்தின் சொந்தக்காரர் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இதை மீறியும் எதிர்க்கட்சி தொடர்ந்து வென்றது என்பதுதான் ஆச்சரியம்.

1901-இல் ரகசிய வாக்குப்பதிவு வந்தது. அந்த ஏப்ரலில் நடந்த தேர்தலில் ஆளும் ஹோய்ர கட்சிக்கு 114-இல் 8 இடம்தான் மிஞ்சியது. ஒன்பதாம் கிறிஸ்டியன் மன்னர் வேறு வழியின்றி எதிரணியிலிருந்து டொய்ன்ட்சரைப் பிரதமராக்கினார். கீழவையின் பெரும்பான்மைக்கு எதிராக அரசு இருக்கக் கூடாது என்ற மரபு அங்கே தொடங்கியது. அந்த ஆண்டு புதிதாக எவருக்கும் வாக்கு கிடைக்கவில்லை. ஏற்கெனவே கையில் இருந்த வாக்கு அன்றுதான் அரசை மாற்றியது. 1901-ஐ நான் மேலே வைப்பதற்கு இதுவே காரணம்.

1915: பெண்களும் வேலைக்காரர்களும்

1871-இலேயே மட்டில்ட, ஃபிரெட்ரிக் பேயர் தம்பதியர் டேனிஷ் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1886-இல் ஃபிரெட்ரிக் பேயர் பெண்களுக்கு உள்ளாட்சி வாக்குரிமை கேட்டு மசோதா கொண்டுவந்தார். தடுத்தது மேலவை. 1903-இல் திருச்சபை மன்றங்களுக்கும், 1908-இல் உள்ளாட்சிக்கும் பெண்களுக்கு வாக்கு வந்தது. நாடாளுமன்றத்துக்கான உரிமை 1915 ஜூன் 5-இல் கையெழுத்தானது. வேலைக்காரர்களும் அதே சட்டத்தில் உள்ளே வந்தார்கள். மேலவைத் தேர்தலில் பணக்காரர்களுக்கு இருந்த சலுகையும் மன்னரின் நியமனமும் ஒழிந்தன. முதல் உலகப்போர் காரணமாகச் சட்டம் நடைமுறைக்கு வரத் தாமதமாகி, பெண்கள் முதன்முதலில் பொதுத்தேர்தலில் வாக்களித்தது 1918 ஏப்ரலில். கீழவைக்கு நான்கு பெண்கள் தேர்வானார்கள். 1924-இல் நீனா பாங் கல்வி அமைச்சரானார்.

விகிதாசாரப் பிரதிநிதித்துவமும், அதாவது வாங்கிய வாக்கு விகிதப்படி கட்சிகளுக்கு இடம் தரும் முறையும், இந்தத் திருத்தத்தோடு நுழைந்து, 1920-இல் முழுமையடைந்தது. ஹோய்ர கட்சி இதற்கு ஒத்துக்கொண்டதில் வியப்பில்லை. மேலவைக் கோட்டை போன பிறகு, சிறு கட்சியாகவாவது அவையில் பிழைத்திருக்க அவர்களுக்கு விகிதாசாரம் தேவைப்பட்டது.

மன்னரின் கடைசி முயற்சி, மேலவையின் முடிவு

1920 மார்ச்சில் மன்னர் பத்தாம் கிறிஸ்டியன், அவை நம்பிக்கையில்லை என்று சொல்லாதபோதே பிரதமர் சாலெயின் அரசை நீக்கினார். ஜெர்மனியிலேயே இருக்க வாக்களித்திருந்த ஃப்ளென்ஸ்பர்க் நகரை எப்படியாவது டென்மார்க்குடன் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை, சாலெ மறுத்தார். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் என்று மிரட்டின. ஒரே வாரத்தில் மன்னர் இறங்கி வந்தார். அதற்குப் பிறகு எந்த டேனிஷ் மன்னரும் இப்படி முயன்றதில்லை.

மேலவையை ஒழிக்க 1939-இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அரசமைப்புச் சட்டத்தை மாற்ற, மொத்த வாக்காளர்களில் 45 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கிடைத்தது 44.46. அரை விழுக்காடு குறைந்ததால் மேலவைக்கு இன்னும் 14 ஆண்டு ஆயுள்.

1953 மே 28-இல் மீண்டும் வாக்கெடுப்பு. இந்த முறை 45.76. திருத்தம் மயிரிழையில் தேறியது. பெண் வாரிசும் அரியணை ஏறலாம் என்ற மாற்றத்தையும் அதே தொகுப்பில் சேர்த்திருந்தார்கள். சிறுமி இளவரசி மார்கரேட்ட மீது மக்களுக்கு இருந்த பாசம் சில வாக்குகளைக் கூட்டியிருக்கும். வறண்ட சட்டத் திருத்தத்துக்கு யார் வீட்டைவிட்டு வருவார்கள்?

1953 சட்டம் செய்தவை:

1. மேலவை ஒழிந்தது. 179 பேர் கொண்ட ஒரே அவை. அதில் ஃபாரோ தீவுகளுக்கு 2, அதுவரை காலனியாக இருந்த கிரீன்லாந்துக்கு 2.
2. 1901-இல் தொடங்கிய மரபு 15-ஆம் பிரிவில் எழுத்தானது. அவையில் பெரும்பான்மை நம்பிக்கையில்லை என்றால் பிரதமர் விலக வேண்டும், அல்லது தேர்தலுக்குப் போக வேண்டும்.
3. மேலவைக்குப் பதிலாகச் சிறுபான்மைக்கு ஓர் ஆயுதம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால், நிறைவேறிய பெரும்பாலான சட்டங்களை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். பட்ஜெட், வரி போன்றவை விலக்கு. 1963-இல் நான்கு நிலச் சட்டங்களை மக்கள் இப்படித் தூக்கி எறிந்தார்கள்.
4. நாட்டின் அதிகாரத்தைப் பன்னாட்டு அமைப்புக்குக் கொடுக்க ஆறில் ஐந்து பங்கு உறுப்பினர் ஆதரவு வேண்டும். இல்லையேல் மக்கள் வாக்கெடுப்பு. ஐரோப்பிய ஒன்றிய விவகாரங்களில் டென்மார்க் அடிக்கடி வாக்கெடுப்புக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.
5. வாக்களிக்கும் வயதை மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் மாற்ற முடியாது. 1953-இல் 23, 1961-இல் 21, 1971-இல் 20, 1978-இல் 18. இடையில் 1969-இல் 18 ஆக்கலாமா என்று கேட்டபோது பெருவாரியாக வேண்டாம் என்றார்கள்.

இப்போது 89-க்கு வருவோம்

15-ஆம் பிரிவை மறுபடி படியுங்கள். பிரதமருக்கு அவையின் ஆதரவு இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. எதிர்ப்பு பெரும்பான்மையாக இருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. புதிய பிரதமர் நம்பிக்கை வாக்கு கோர வேண்டியதே இல்லை. 90 பேர் சேர்ந்து எதிர்க்காதவரை 89 போதும். 50 கூடப் போதும். டென்மார்க்கில் சிறுபான்மை அரசுகள் சர்வசாதாரணமாக இருப்பது இதனால்தான். 2022-இல் அமைந்த அரசுக்கு வட அட்லாண்டிக் தீவுகளான ஃபாரோ, கிரீன்லாந்து உறுப்பினர்கள் சிலரின் துணையும் இருந்தது.

எண்ணிக்கை இப்படிச் சிதறுவதற்குத் தேர்தல் முறை காரணம். நாடு 10 பெருந்தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 135 இடங்கள் அங்கேயே பிரிகின்றன. மேலும் 40 இடங்களைக் கையில் வைத்திருந்து, நாடு முழுவதும் ஒவ்வொரு கட்சியும் வாங்கிய வாக்கு விகிதத்துக்கு ஏற்ப ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்கிறார்கள். 2 விழுக்காடு வாங்கினால் கட்சி உள்ளே. விளைவு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. ஆனால் வாக்கு வீணாவது அபூர்வம். 2022-இல் 84 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அங்கே வாக்களிப்பது கட்டாயமும் இல்லை.

வாக்கில்லாதவர்களுக்காகக் கவிழ்ந்த அரசு

மூன்றாவது கேள்விக்கு டென்மார்க்கின் தெளிவான விடை தமிழர்களோடு தொடர்புடையது. டேனிஷ் அரசியலில் அதற்குத் தமிழர் வழக்கு என்றே பெயர்.

1980-களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழ் அகதிகளுக்கு, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமையை 1983-ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் கொடுத்திருந்தது. 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கச் செய்தார். சட்டத்தை மாற்றவில்லை, விண்ணப்பங்களை நிராகரிக்கவும் இல்லை. கோப்புகள் அலமாரியில் கிடந்தன, அவ்வளவுதான். குடும்பங்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காத்திருந்தன.

நாடாளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி விசாரித்தார். 1953 சட்டம் வழிசெய்து, 1955-இல் நடைமுறைக்கு வந்த பதவி அது. பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை. 1993 ஜனவரியில் ஆயிரக்கணக்கான பக்க அறிக்கை. எதுவும் கம்பளத்துக்கு அடியில் பெருக்கித் தள்ளப்படவில்லை என்று 1989-இல் அவையில் சொல்லியிருந்த பிரதமர் பவுல் ஷ்லூட்டர், அறிக்கை வந்ததும் விலகினார். தேர்தலே இல்லாமல் அரசு மாறி, சமூக ஜனநாயகக் கட்சியின் பவுல் நியூருப் ராஸ்முசன் பிரதமரானார். அமைச்சர்களை விசாரிக்கும் ராஜ்ய நீதிமன்றம் 1995-இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத நிபந்தனைச் சிறை விதித்தது, அதாவது மறுபடி குற்றம் செய்யாதவரை உள்ளே போக வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அன்று பொதுத்தேர்தலில் வாக்கு கிடையாது. வாக்கு வங்கிக் கணக்கு எதற்கும் அவர்கள் உதவமாட்டார்கள். அப்படியும் சட்டத்தை மீறிய அமைச்சர் கூண்டில் ஏறினார். அந்த நீதிமன்றத்துக்கு மறுபடி வேலை வந்தது 2021-இல்: தஞ்சம் கேட்டு வந்த இளம் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்ததற்காக முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டோய்பெர்குக்கு 60 நாள் சிறை. நாடாளுமன்றம் அவரை வெளியேற்றியது. அடுத்த ஆண்டே புதுக்கட்சி தொடங்கி 14 இடங்களோடு திரும்பி வந்துவிட்டார். தீர்ப்பளிப்பது ஒரு வேலை, வாக்களிப்பது இன்னொரு வேலை என்று வாக்காளர்கள் நினைத்தார்கள் போலும்.

இன்று வெளியே நிற்பவர்கள்

1849-இல் வெளியே நின்ற ஏழு வகைகளில் பல மறைந்துவிட்டன. சிறையில் இருப்பவரும் இன்று வாக்களிக்கலாம். மிஞ்சியிருக்கும் பெரிய பிரிவு அயல்நாட்டார். நடைமுறை இது:

1. உள்ளாட்சித் தேர்தல்: ஐரோப்பிய ஒன்றிய, நோர்டிக் (வட ஐரோப்பிய) நாட்டவர்களுக்கு டென்மார்க்கில் வசித்தாலே போதும். மற்ற நாட்டவர் தொடர்ந்து 4 ஆண்டு வசித்திருக்க வேண்டும்.
2. நாடாளுமன்றத் தேர்தல், தேசிய வாக்கெடுப்பு: டேனிஷ் குடிமக்களுக்கு மட்டும்.
3. குடியுரிமை: பொதுவாக 9 ஆண்டு வசிப்பு, அகதிகளுக்கு 8. மொழித் தேர்வு, குடியுரிமைத் தேர்வு, வேலை அனுபவம், சொந்தக் காலில் நிற்பதற்கான சான்று எல்லாம் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, குடியுரிமையைச் சட்டம் இயற்றித்தான் தர முடியும். ஆகவே விண்ணப்பதாரர்களின் பெயர்களையே பட்டியலிட்ட மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றுகிறது.

இந்த மூன்றாவது விதி வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். தகுதி என்ன என்பதைக் கட்சிகள் பேசி முடிவு செய்கின்றன. அரசு மாறும்போது நிபந்தனைகளும் மாறியிருக்கின்றன, பெரும்பாலும் கடுமையான பக்கம். யார் புதிய வாக்காளராகலாம் என்பதை ஏற்கெனவே வாக்கு உள்ளவர்களின் பிரதிநிதிகள் தீர்மானிக்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து 18 வயதான பிள்ளைக்கும், பெற்றோர் குடியுரிமை வாங்கியிராவிட்டால், நாடாளுமன்ற வாக்கு தானாக வந்துவிடாது.

எதிர்த்திசையிலும் ஒரு விதி உண்டு, புலம்பெயர்ந்தோர் பலர் கவனிக்காதது. நாடாளுமன்ற வாக்குக்குக் குடியுரிமையோடு நாட்டில் நிலையான வசிப்பிடமும் வேண்டும். டேனிஷ் கடவுச்சீட்டோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்குள் திரும்புவதாக இருந்தால் வாக்காளர் பட்டியலில் தொடரலாம். அரசுப் பணிக்காக அனுப்பப்பட்டவர் போன்ற சில விலக்குகளும் உண்டு. மற்றவர்களின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். மீண்டும் டென்மார்க்கில் குடியேறிப் பதிவு செய்தால், உரிமையும் திரும்பி வரும்.